முழு வீதிக்கும் காபெட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில் எங்கள் ஊர்ப் படம் ஒன்று வந்திருந்தது. வீதியின் நடுப் பள்ளத்தில் வாழைக்குட்டி நட்டு, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிற படம். "காபெட் வீதி கோரி மக்கள் போராட்டம்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தின் வலது ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்சம் ஒதுங்கி நிற்கிற கிழவன் நான்தான். போராட்டத்துக்குப் போனது உண்மை. ஆனால் முழு வீதிக்கும் காபெட் கேட்டுப் போகவில்லை.

நான் வீதி வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். ஓவசியராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த 1979இலும் ஊரில் ஆட்கள் எங்களை, பழைய பொதுவேலைத் திணைக்களத்தின் பெயரால், பி.டபிள்யூ.டி.காரர் என்றுதான் சொன்னார்கள். விறகு வைத்துப் பீப்பாயில் தார் காய்ச்சிய காலத்தையும், தாரே வராமல் கிரவலை (செம்மண் கலந்த சரளையை) பரப்பிக்கொண்டே இருந்த காலத்தையும், போர் முடிந்த பிறகு பெரிய இயந்திரங்கள் வந்து இறங்கிய காலத்தையும் பார்த்துவிட்டேன். அதனால் ஊர்க் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. "நீங்கள் ஒருநாளாவது ஊரோடை ஒத்துப் போகமாட்டியளே?" என்று என் மனைவி கேட்கிறாள். அவள் கேட்பதிலும் பிழை இல்லை.

எங்கள் வீதி, பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து தெற்கே உள்ளே இறங்குகிறது. மொத்தம் 2.8 கிலோமீற்றர். முதல் 900 மீற்றர் காபெட் (தாரையும் சல்லியையும் சூட்டோடு கலந்து கொண்டுவந்து பரப்பி உருட்டுகிற படை). அதற்கு அடுத்த 1.1 கிலோமீற்றர் பழைய தார் வீதி, அதாவது தார் தெளித்துச் சல்லி தூவி உருட்டி, அதன்மேல் இன்னொரு தரம் தார் தெளித்துச் சின்னச் சல்லி தூவி உருட்டிய இரட்டைப் பூச்சு. கடைசி 800 மீற்றர் வெறும் கிரவல். ஒரே வீதி, ஒரே மழை, ஒரே வெயில், மூன்று மேற்பரப்பு. படிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நான் தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது மூன்றையும் கடந்துதான் போகிறேன்.

படத்தில் வாழைக்குட்டி நிற்பது எந்தப் பகுதியில் தெரியுமா? காபெட் பகுதியில். உங்கள் நிருபரும் கேட்கவில்லை, எங்கள் ஆட்களும் சொல்லவில்லை. 2019 கடைசியில் போட்ட காபெட் அது. அதற்கு ஆறு வருடம் முந்தி, 2013இல் போட்ட தார்ப் பூச்சில் இன்றைக்கும் சைக்கிளில் கையை விட்டு ஓடலாம். சல்லி தேய்ந்து ஓரங்கள் அரித்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குழி என்று எண்ணினால் நான்கு. காபெட்டில் நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

"அப்போ காபெட் கூடாதா ஐயா?" என்று சங்கத் தலைவர் தம்பி கேட்டார். அப்படியும் இல்லை. அதை விளங்கப்படுத்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். இங்கே கொஞ்சம் இடம் தாருங்கள்.

முதலில் அந்தக் காபெட் எப்படிச் செத்தது என்று சொல்கிறேன். அது போடப்பட்டது கார்த்திகையின் நடுவில். ஏன் கார்த்திகையில்? காசு ஜனவரியில் ஒதுக்கப்பட்டு, கேள்விப்பத்திரம், அனுமதி, கையெழுத்து என்று இழுபட்டு, டிசெம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்கிற நிலையில் வேலை தொடங்கும். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. மாசியிலிருந்து ஆவணி வரை காய்ந்து கிடக்கிற வீதியை விட்டுவிட்டு, வெள்ளம் நிற்கிற வீதியில் தார் போடுகிற கூத்தை வன்னியில் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். காபெட் கலவை 150 பாகைக்கு மேல் சூட்டில் வரவேண்டும், சூட்டோடு பரப்பி, சூட்டோடு உருட்ட வேண்டும். தூரத்திலிருந்து தூறலில் நனைந்து வந்து, முன்னால் நிற்கிற லொறி இறக்கும்வரை காத்து நின்று ஆறிப்போன கலவையை றோளர் எத்தனை தரம் உருட்டினாலும் அது இறுகாது. இறுகாத காபெட் கடற்பஞ்சு மாதிரி. தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது.

இரண்டாவது மாரியில் மதகடியில் ஓரம் வெடித்தது. ஒருநாள் மழை விட்ட பின் குந்தியிருந்து, வெற்றிலை வெட்டுகிற சின்னக் கத்தியை அந்த வெடிப்புக்குள் விட்டு நெம்பினேன். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று ரொட்டி மாதிரிக் கழன்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளின் தையல் நாடாவால் அளந்தேன். ஐந்து சென்ரிமீற்றர் இருக்க வேண்டியது மூன்றரைதான் இருந்தது. அதைவிட எனக்குக் கவலை தந்தது அதன் அடிப்பக்கம். காபெட் போடமுதல் கிரவலின் மேல் தார் தெளிக்க வேண்டும், அந்தத் தார்தான் இரண்டையும் ஒட்டவைக்கும். அந்தத் துண்டின் அடியில் தார் மினுக்கமே இல்லை, வெறும் செம்மண் தூள் ஒட்டியிருந்தது. துண்டு எடுத்த இடத்தில் விரலை வைத்தேன். கிரவல் களி மாதிரிப் புதைந்தது. வீதியின் இரு பக்கமும் தண்ணீர் வடியக் கான் வெட்டவில்லை, கரை வீதியைவிட உயரம், வயல் தண்ணீர் வீதிக்குக் கீழேதான் படுத்திருக்கிறது. இந்த நிலையில் மேலே காபெட் போட்டால் என்ன, பட்டு விரித்தால் என்ன?

அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். செய்தவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது பெயர் சொல்லி வீதி திரும்பி வராது.

2013இல் தார்ப் பூச்சுப் போட்டபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் வீட்டில் இருக்க முடியாமல் தினமும் போய் நின்றேன். ஆடி மாதம். காற்றும் வெயிலும். முதலில் கிரவலை வெட்டித் தட்டி, தண்ணீர் தெளித்து, இரண்டு படையாக உருட்டினார்கள். நடு உயரமாகவும் இரு பக்கமும் சரிவாகவும் முதுகு எடுத்தார்கள். கான் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தார். சல்லி தூவிய பெண்களில் ஒருத்தி கடகத்தைச் சரித்துக் கையால் வீசுகிற அழகை இப்போதும் நினைக்கிறேன். ஒரு சல்லிமேல் இன்னொரு சல்லி ஏறாது, தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஏறி நிற்கிற சல்லி ரயரில் தெறித்துப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு விடயம் விளங்க வேண்டும். தார்ப் பூச்சு வீதிக்குப் பலம் தருவதில்லை. அது குடை. கிரவலுக்குள் தண்ணீர் போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். பலம் கிரவலில் இருக்கிறது. மெல்லிய காபெட்டும் பெரிய பலம் தருவதில்லை என்பதுதான் ஆட்களுக்குத் தெரியாத செய்தி. அடி ஆடினால் காபெட் வளைய முடியாமல் வெடிக்கும், முதலைத்தோல் மாதிரிச் சதுரம் சதுரமாக. பூச்சு மெல்லியது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெடித்தாலும் ஒரு பீப்பாய்த் தாரும் அரை டிராக்டர் சல்லியும் நான்கு பேரும் இருந்தால் ஊரிலேயே ஒட்டுப் போடலாம். காபெட்டுக்கு ஒழுங்காக ஒட்டுப் போட அதே சூட்டுக் கலவை வேண்டும்.

சரி, செலவுக்கு வருவோம். எங்களுடைய அலுவலகங்களில் ஒப்பிடுவது திறப்பு விழா நாள் விலையை. ஊர்ச் சனம் ஒப்பிடுவது திறப்பு விழா நாள் அழகை. இரண்டிலும் அடுத்த இருபது வருடம் இல்லை. எங்கள் அம்மா ஓட்டு வீடு கட்டமுதல் கிடுகு வீட்டில் இருபது வருடம் இருந்தவ. வருடா வருடம் மேயவேண்டிய கிடுகு எத்தனை, ஆள்கூலி எவ்வளவு, ஓட்டுக்கு வட்டிக்கு எடுத்தால் மாதம் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணித்தான் முடிவெடுத்தா. படிக்காத மனுசி. அந்தக் கணக்கைத்தான் வீதிக்கும் போடச் சொல்கிறேன்.

முதலில் தாரை மட்டும் பாருங்கள். மூன்றரை மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றர் வீதிக்கு ஐந்து சென்ரிமீற்றர் காபெட் போட 420 தொன் கலவை வேண்டும். அதில் ஐந்து வீதம் தார், அதாவது 21 தொன். இரட்டைப் பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு இரண்டரை லீற்றர் என்று பிடித்தால் ஒன்பது தொன்னுக்குள் முடியும். தார் டொலர் கொடுத்து வாங்குகிற சாமான். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தபோது, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, எத்தனை வீதிகள் கிண்டியது கிண்டியபடி கிடந்தன என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் காபெட்டின் முதல் குழிகளுக்கு ஒட்டுப் போட ஆளில்லாமல் போனதும் அந்தக் காலத்தில்தான்.

இனி முழுக் கணக்கு. இது எந்த அலுவலகத்தின் விலையும் இல்லை, விகிதம் விளங்குவதற்கு நான் கொப்பியில் போட்ட கணக்கு. அடித்தளமும் கானும் இரண்டுக்கும் ஒன்றுதான், அதைச் சேர்க்கவில்லை. காபெட் போட 100 ரூபா என்று வையுங்கள். இரட்டைப் பூச்சுக்கு 40 ரூபா. பூச்சு வீதிக்கு ஏழாம் வருடமும் பதினான்காம் வருடமும் மேலே ஒரு பூச்சு, தரம் 20 ரூபா. வருடா வருடம் புல் வெட்ட, கான் துப்புரவாக்க, குழி மூட 1 ரூபா. காபெட்டுக்குப் பன்னிரண்டாம் வருடம் மேலே இன்னொரு படை 60 ரூபா, வருடப் பராமரிப்பு 50 சதம். ஏழு வருடம் கழித்துக் கொடுக்கிற 20 ரூபா இன்றைய 20 ரூபா இல்லை. வட்டி பத்து வீதம் என்று பிடித்தால் இன்றைக்கு 10 ரூபா 30 சதத்தை எடுத்து வைத்தால் போதும். இப்படி எல்லாவற்றையும் இன்றைய காசுக்கு மாற்றிக் கூட்டினால், இருபது வருடத்துக்குப் பூச்சு வீதி 64 ரூபா, காபெட் 123 ரூபா. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதைப் பார்த்துவிட்டு நான் காபெட்டுக்கு எதிரி என்று யாரும் ஓடிவர வேண்டாம். கொப்பியின் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். இதே வீதியில் மணல் டிப்பர் ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது பூச்சு மூன்று வருடம்கூடத் தாங்காது. மூன்று வருடத்துக்கு ஒருதரம் அந்த 20 ரூபா, இடையில் வருடம் 5 ரூபா ஒட்டுப் போடல். இப்போது கூட்டினால் பூச்சு வீதி 132 ரூபா, காபெட்டையும் தாண்டிவிடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு தரமும் வீதியை மறித்து வேலை செய்கிற தொல்லை வேறு.

டிப்பர் அப்படி என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 தொடக்கம் 1960 வரை, பரிசோதனைக்கென்றே வீதிகளைப் போட்டு, இராணுவத்தினரைக் கொண்டு லொறிகளை ஓட்டு ஓட்டென்று ஓட்டிப் பார்த்தார்கள். அச்சில் ஏறுகிற பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வருகிற சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று கண்டார்கள். பல நாடுகளில் வீதிப் பொறியியலாளர்கள் கணக்குக்கு எடுக்கிற அச்சுப் பாரம் 8.2 தொன். ஈர மணலைக் குவியலாக ஏற்றிக்கொண்டு 12 தொன் அச்சோடு ஒரு டிப்பர் போனால், பாரம் ஒன்றரை மடங்கு கூட இல்லை, சேதம் நாலரை மடங்கு. நானும் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஆயுள் முழுக்கச் சைக்கிளில் ஓடினாலும் அந்த ஒரு டிப்பரின் ஒரு நாள் வேலையைச் செய்யமாட்டோம்.

இப்போது எங்கள் வீதிக்குத் திரும்புங்கள். மணல் டிப்பர்கள் முதல் 900 மீற்றரில் ஓடிக் குளக்கட்டுச் சந்தியில் திரும்பிவிடுகின்றன. அதற்கப்பால் போவது லான்ட்மாஸ்டர், உழவு இயந்திரம், ஓட்டோ, காலையும் மாலையும் ஒரு பஸ். அறுவடைக்கு நெல் லொறி சில நாள். நேர்மையாகச் சொல்வதென்றால் 2013 பூச்சு இவ்வளவு காலம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். டிப்பர் அதைத் தொடவில்லை. ஆகவே என் கோரிக்கை இது. முதல் 900 மீற்றரைக் கிண்டி எடுத்து, கிரவலை உயர்த்தி, கான் வெட்டி, முழுக் கனத்தில் ஒழுங்கான காபெட் போடுங்கள். அதற்கு நான் ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லமாட்டேன். கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் போர் முடிந்த பிறகு போட்ட காபெட்டில் பஸ்களும் கொள்கலன் லொறிகளும் இரவு பகலாக ஓடுகின்றனவே, அங்கே பூச்சு வீதி போட்டிருந்தால் நாங்கள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டோம். மிச்சம் 1.9 கிலோமீற்றருக்குக் காபெட் வேண்டாம். பழைய பூச்சுக்கு மேலே ஒரு பூச்சு, கிரவல் பகுதிக்கு இரட்டைப் பூச்சு. மிஞ்சுகிற காசில் கானும் இரண்டு மதகும் கட்டலாம். மதகடியில் தண்ணீர் ஏறிப் பாய்கிற இருபது மீற்றருக்குக் கொங்கிறீட் போடலாம், அங்கே தார் எதுவும் நிற்காது.

கூட்டத்தில் எனக்கு விழுந்த பதில்களையும் எழுதவேண்டும். "பக்கத்து ஊருக்குக் காபெட், எங்களுக்குத் தாரோ?" என்பது முதலாவது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, இது வீதிக் கணக்கு இல்லை. காணி விலை ஏறும் என்றார் ஒருவர், ஏறட்டும். என்னை மடக்கியது என் மச்சான்தான். "அத்தான், நெல்லை எங்கே காயவிடுறது?" என்றார். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், பாதி வீதி நெல்லாக இருக்கும். காபெட்டில் காயவிட்டுக் கூட்டி அள்ளலாம். பூச்சு வீதியில் அள்ளினால் மூட்டைக்கு ஒரு பிடி சல்லியும் சேர்ந்து வரும், ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். இதை ஐம்பது வருட அனுபவமுள்ள எந்தப் பொறியியலாளரும் தன் கணக்கில் சேர்த்திருக்கமாட்டார். நானும் சேர்க்கவில்லை. அதற்குச் சங்கத்தின் காணியில் ஒரு சீமெந்துக் களம் போட்டால் வீதியில் காயவிடத் தேவையில்லை என்று சொன்னேன். மச்சான் தலையாட்டினார், நம்பினதாகத் தெரியவில்லை. இரவில் சூடு பார்த்துக் காபெட்டில் படுக்கிற மாடுகளையும், அதில் கண்மண் தெரியாமல் வருகிற மோட்டார் சைக்கிள்களையும் பற்றி யாரும் பேசவில்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. முன்பு ஒவ்வொரு சில மைலுக்கும் ஒரு வீதித் தொழிலாளி இருந்தான். மண்வெட்டி, கத்தி, ஒரு கூடை. அவன் வேலை கானில் அடைத்த சருகை எடுப்பது, கரையை வெட்டித் தண்ணீருக்கு வழி விடுவது, உள்ளங்கை அளவு குழி விழுந்த அன்றே மூடுவது. பராமரிப்பில் ஒரு டொலரைக் குறைத்தால் வாகனக்காரருக்கு இரண்டு மூன்று டொலர் செலவு கூடும் என்று 1988இல் உலக வங்கி சொன்னது. எங்கள் ஓட்டோக்காரரிடம் கேட்டால் உலக வங்கி தேவையில்லை. முதல் 900 மீற்றருக்காக மட்டும் போன வருடம் இரண்டு ரயர், ஒரு சொக் அப்சோபர் மாற்றியதாகச் சொன்னார். அந்தத் தொழிலாளியின் ஒரு வருடச் சம்பளத்தையும் காபெட்டின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்படி பிரதேச சபை உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய வேலையென்றால் பலகையில் படம் போட்டுத் திறக்கலாம், சருகு அள்ளுவதைத் திறக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

படம் எடுத்த தம்பி மறுபடி வருவதானால் ஒரு மழை விட்டு அரை மணித்தியாலத்தில் வரட்டும். மதகடியில் நிற்பேன், அந்த மூன்றரைச் சென்ரிமீற்றர் துண்டையும் கொண்டுவருவேன். வாழைக்குட்டியையும் எடுக்கலாம். நட்டுப் பத்து நாளாகிறது, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, கடைசி மழை பெய்தும் ஒரு கிழமைக்கு மேலாகிறது. நேற்றுக் காலையில் பார்த்தேன், காபெட்டுக்கு நடுவில் புதுக் குருத்து விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவசியர்,
விசுவமடு.